பேஸ்மென்டில் இருக்கும் கிழவன்

அன்புள்ள தம்பி,

ஸ்கார்பரோவில் நீ வாங்கியிருக்கும் வீட்டில் 2007-ல் வைத்த ஃபர்னஸ்தான் இன்னும் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். மாற்றிவிடலாமா, இன்னும் இரண்டு குளிர்காலம் ஓட்டலாமா என்பது உன் கேள்வி.

கேஸ் ஃபர்னஸின் ஆயுள் பொதுவாக 15 முதல் 20 ஆண்டு. 25-ஐத் தாண்டி ஓடுவதும் உண்டு, பன்னிரண்டிலேயே படுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எதற்கும் முதலில் பார்க்க வேண்டியது ஹீட் எக்ஸ்சேஞ்சரைத்தான்.

அது மெல்லிய உலோகச் சுவர். ஒரு பக்கம் எரிவாயுத் தீயின் புகை, மறுபக்கம் வீட்டுக்குள் சுற்றும் காற்று. தீ எரியும்போதெல்லாம் சுவர் விரிகிறது, அணைந்ததும் சுருங்குகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒருநாள் ஒடிகிறதல்லவா, அதே கதைதான் இங்கும். ஃபில்டரை மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டால் காற்றோட்டம் குறைந்து சுவர் மிதமிஞ்சிச் சூடாகும். வீட்டுக்குத் தேவைப்படுவதைவிடப் பெரிய ஃபர்னஸ் என்றால் இன்னும் மோசம்: சில நிமிடம் எரிவதும் நிற்பதுமாகவே அதன் காலம் போய்விடும். ‘பெரிதாக இருந்தால் நல்லதுதானே’ என்று வாங்கியவர்களின் ஃபர்னஸ்தான் பெரும்பாலும் சீக்கிரம் சாகிறது.

சுவரில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2008-ல் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக்கில் ஒரு குடும்பத்தின் நால்வரும் இந்த வாயுவால் இறந்துபோனார்கள். அங்கே காரணம் ஃபர்னஸ் அல்ல, கேஸ் கணப்பின் புகைவழி அடைத்துக்கொண்டது. அதையடுத்து வந்த 2013-ஆம் ஆண்டின் ஹாக்கின்ஸ்-ஜிக்னாக் சட்டம்தான் ஒன்டாரியோ வீடுகளில் இதற்கான அலாரத்தைக் கட்டாயமாக்கியது. உன் படுக்கையறைக்குப் பக்கத்தில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றிரவே பார்த்துவிடு.

ஃபர்னஸின் தீ நீலமாக நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாகி அலைபாய்ந்தால் அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிடு. விரிசல் இருக்கிறது என்று அவர் சொன்னால் அதைக் கண்ணால் பார்க்கக் கேள், படம் எடுத்துத் தரச் சொல். ஒளிவுமறைவு இல்லாதவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது செலவு. வீட்டின் வெளிச்சுவரில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் உன்னுடையது ஏற்கெனவே 90 சதவீதத்துக்கு மேல் திறனுள்ளது. உலோகக் குழாய் புகைபோக்கிக்குப் போனால் ஏறக்குறைய 80 சதவீத வகை. கனடாவில் 2009 இறுதியிலிருந்து புதிய கேஸ் ஃபர்னஸுக்குக் குறைந்தபட்சத் திறன் 90 சதவீதம், 2019 ஜூலையிலிருந்து 95. எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துக்குப் போனால் அதே சூட்டுக்குச் சுமார் 16 சதவீதம் கேஸ் குறையும். நல்ல மிச்சம்தான். ஆனால் நன்றாக ஓடும் ஃபர்னஸைக் கழற்றி எறிய அது மட்டும் போதாது. பதினைந்து வயதைத் தாண்டியதற்கு, புதியதன் விலையில் பாதியை ரிப்பேருக்கே கேட்கிறார்கள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றிவிடு.

கதவைத் தட்டி ‘உங்கள் ஃபர்னஸ் ஆபத்தானது’ என்று சொல்லிக்கொண்டு வருபவனை உள்ளே விடாதே. அழைக்காமல் வீட்டுக்கு வந்து ஃபர்னஸ் விற்பதையும் வாடகைக்குத் தருவதையும் ஒன்டாரியோ 2018 மார்ச்சில் தடை செய்துவிட்டது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி வீட்டுப் பத்திரத்தின் மீதே உரிமைப் பதிவு போட்டவர்கள் இருந்தார்கள். அதை நிறுத்த 2024-ல் தனிச் சட்டமே வர வேண்டியிருந்தது.

மாற்றுவதென்றால் கோடையிலேயே இரண்டு மூன்று இடத்தில் விலை கேள். ஜனவரி நள்ளிரவில் வீடு உறைந்துகொண்டிருக்கும்போது பேரம் பேச முடியாது. பழைய ஃபர்னஸின் அளவைப் பார்த்து அப்படியே எழுதித் தருபவரை விட்டுவிட்டு, வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடுபவரைத் தேர்ந்தெடு. மைனஸ் 25 டிகிரி வரை வேலை செய்யும் ஹீட் பம்புகளும் இப்போது கிடைக்கின்றன, அதற்கும் ஒரு விலை வாங்கிப் பார்.

புதிது வைத்தபின் அந்த வெள்ளைக் குழாய்களின் வாயைப் பனி மூடவிடாதே. மூடினால் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும். ரிப்பேர் என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்.

அன்புடன்,
அண்ணன்