வசதியான வீட்டிலிருந்து

கேள்வி: ‘ஆல்ஃபா டாக்’ படம் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. உண்மையிலேயே நடந்ததா? எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் ஏன் இப்படிப் போகிறார்கள்?
– வாசகி, கோவை

பதில்: நடந்ததுதான். லாஸ் ஏஞ்சலிஸில் வசதியானவர்கள் வாழும் வெஸ்ட் ஹில்ஸ் பகுதி. கஞ்சா வியாபாரம் செய்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் ஹாலிவுட்டுக்கு அப்போது 20 வயது. சிறு வயதில் பேஸ்பால் ஆடிய நண்பர்களே கூட்டாளிகள். 1,200 டாலர் பாக்கிக்காக, கடன்காரனின் 15 வயதுத் தம்பியை 2000 ஆகஸ்டில் கடத்தினார்கள். அவனைப் பார்ட்டிகளுக்கும் கூட்டிப்போனார்கள். விஷயம் தெரிந்த இளைஞர்கள் பலர்; அவன் உயிரோடு இருந்தவரை ஒருவர்கூடப் போலீசுக்குப் போகவில்லை. என்னால் தாங்க முடியாத இடம் இதுதான். கடத்தலுக்கு ஆயுள் தண்டனை கிடைக்கலாம் என்று தெரிந்ததும், பயத்தில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். பிரேசிலுக்குத் தப்பிய ஹாலிவுட் 2005இல் பிடிபட்டான், ஆயுள் தண்டனை.

ஏழைத் தெருவில் பிறந்தவனுக்கு ரவுடிகளிடமிருந்து தப்புவதே பாடு. இவர்களுக்கோ ரவுடித்தனம் சினிமாவிலும் பாட்டிலும் பார்த்துப் போட்டுக்கொண்ட வேஷம். எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம், மாட்டினாலும் அப்பா வக்கீல் வைப்பார் என்ற தைரியம். துப்பாக்கி மட்டும் நிஜமானது. உங்கள் பிள்ளையிடம் கணக்கில்லாத பணம் புரண்டால், யார் கொடுத்தது என்று அன்றைக்கே கேளுங்கள்.