ஒப்படைப்பதும் உடன்கொள்வதும்

மக்கள் ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயருங்கால் உடன்கொண்டு செல்லும் பொருள்கள் அவர்தம் தேவையையும் அச்சத்தையும் ஒருங்கே காட்டுவன. கட்டுச்சோறு கட்டி மாட்டுவண்டி ஏறிய காலத்தே மூட்டை அவரவர் காலடியிற் கிடந்தது. அதனைப் பிறர்பால் ஒப்படைக்கும் தேவை எழவில்லை. வானூர்திப் பயணம் பெருகிய இக்காலத்திலோ புறப்படும் ஒவ்வொருவரும் ஒரு வினாவிற்கு விடை கண்டே தீரல் வேண்டும். பெட்டியை நிறுவனத்தாரிடம் ஒப்படைப்பதா? அன்றிக் கையிலேயே கொண்டேறுவதா? வினா சிறிதே எனினும் பணம், காலம், சட்டம், உயிர் ஆகிய நான்கும் இதனுள் அடங்கியிருத்தலின், இதனை ஒருசிறிது ஆராயப் புகுகின்றோம்.

நம் மாணவருட் பலர் மீனம்பாக்கத்து விமான நிலையத்திற்குக் கிண்டி வழியாகவே செல்கின்றனர். மின்சார ரயிலேறுவோர் பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம் ஆகியவற்றைக் கடந்து திரிசூலத்தில் இறங்குவர். மெட்ரோ ரயிலேறுவோர் ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம் ஆகியவற்றைக் கடந்து விமான நிலையத்தை அடைவர். இவ்வழி 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் திறக்கப்பெற்றது. இவ்விரு வழியிலும் பெட்டியின் உண்மை எடையைத் தராசுக்கு முன்னே தோள் உரைத்துவிடும். கிண்டி நிலையப் படிகளில் இளைப்பாறாது ஏற்றவும், தலைக்குமேல் தானே தூக்கிவைக்கவும் இயலாத பெட்டி கைப்பெட்டி ஆகாது. இதனை நம் ஆராய்ச்சியின் முதல் அளவுகோலாகக் கொள்வோமாக.

எடையைப் பற்றிய கவலை நம் நாட்டு வானூர்தி வரலாற்றோடு உடன்பிறந்தது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சிறு விமானத்தில் அஞ்சல் மூட்டையோடு புறப்பட்டு அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் அவ்வஞ்சலைச் சென்னைக்குக் கொணர்ந்தார். அன்று கராச்சியில் ஏற்றப்பெற்ற அஞ்சல் ஏறத்தாழ 25 கிலோ என்பர். இந்நாளில் உள்நாட்டுப் பயணத்திற் சாதாரண வகுப்பினர் ஒருவர்க்குப் பெரும்பாலான இந்திய நிறுவனங்கள் இசைவது ஒப்படைப்புப் பொருள் 15 கிலோவும் கைப்பொருள் 7 கிலோவுமாக 22 கிலோ. அன்று ஒரு விமானம் சுமந்த அஞ்சலுக்கு அணித்தாய எடையை இன்று ஒரு தனி மாணாக்கன் கட்டணமின்றிக் கொண்டுசெல்கின்றான்.

கைப்பெட்டி ஒன்றே இசையப்படும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டின் பொதுவாக 115 செண்டிமீட்டரை மிகுதல் ஆகாது. ஒப்படைப்புப் பொருளின்றிச் செல்வோர்க்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு 2021ஆம் ஆண்டில் இசைவு அளிக்கப்பட்டது. ஆதலின் கைப்பெட்டியோடு மட்டும் செல்வார்க்குப் பணமும் மிஞ்சலாம். இறங்கியபின் சுழல் பட்டையருகே காத்துநிற்கும் நேரமும் மிஞ்சும். இவ்விரண்டையும் மட்டும் நோக்குவார் எல்லாவற்றையும் கையிற் கொள்வதே அறிவுடைமை என்பர். அம்முடிபு முழுவதும் பொருந்துமா என்பதைச் சட்டத்தைக் கொண்டு நோக்குவோம்.

பன்னாட்டுப் பயணத்தில் நிறுவனத்தாரின் பொறுப்பை வரையறுப்பது 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா இதனை 2009ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இவ்வுடன்படிக்கை இருவகைப் பொருளையும் ஒருதன்மையாகக் கருதவில்லை. ஒப்படைத்த பெட்டி நிறுவனத்தாரின் காவலில் இருக்குங்கால் அழிந்தாலோ, காணாமற்போனாலோ, சிதைந்தாலோ, அவர்தம் தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும் அவரே பொறுப்பாளி. பெட்டியின் இயல்பான குறையால் நேர்ந்த கேடு மட்டும் விலக்கு. கையில் வைத்த பொருளுக்கோ, அவர்தம் தவற்றால் கேடு நேர்ந்தால் மட்டுமே அவர் பொறுப்பாவர். நம் இலக்கியத்தில் அடைக்கலப் பொருள் என்பதற்கு உள்ள பெருமையை யாவரும் அறிவர். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே அப்பெயர் பெற்றுள்ளது. ஒப்படைத்த பெட்டி சட்டத்தின் கண்ணில் ஓர் அடைக்கலப் பொருள்; கைப்பெட்டி அன்னதன்று.

எனினும் அடைக்கலத்திற்கும் ஒரு வரம்புண்டு. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் முதல் ஒரு பயணிக்கு அவ்வுடன்படிக்கை வகுத்த உச்ச ஈடு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகு. அஃது ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க டாலர் அளவினது. உள்நாட்டுப் பயணத்திற்குரிய வரம்பு இதனினும் மிகக் குறைவு. சிதைந்த பெட்டியைப் பற்றிப் பெற்ற நாள் முதல் 7 நாட்களுக்குள்ளும், காலந்தாழ்த்து வந்ததைப் பற்றி 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிடல் வேண்டும். வரவேண்டிய நாளினின்று 21 நாள் கடந்தும் வாராத பெட்டி தொலைந்ததாகக் கருதப்படும். முறையீட்டிற்குச் சான்றாவது பெட்டியை ஒப்படைக்கும்பொழுது தரப்படும் சிறு சீட்டே. அதனைப் பலர் எறிந்துவிடுகின்றனர், எறிதல் ஆகாது.

இனி, தொலைதல் எத்துணை நிகழ்கின்றது? சிட்டா என்னும் விமானத் தகவல் நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஆயிரம் பயணிகளுக்கு 6.9 பெட்டிகள் தவறாகக் கையாளப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை தொலைந்தவையல்ல, காலந்தாழ்த்து வந்தவை. ஒரு விமானத்தினின்று மற்றொன்றிற்கு மாற்றும் இடத்திலேயே தவறு மிகுதியும் நிகழ்கின்றது. ஆதலின் சென்னையிலிருந்து நேரே தில்லி செல்வார்க்கு உள்ள அச்சம் சிறிது. இரண்டிடத்தில் மாறிச் செல்வார்க்கு அது பெரிது.

ஒப்படைத்த பெட்டிக்கும் அதற்குரியவர்க்கும் உள்ள தொடர்பு எத்துணை இன்றியமையாதது என்பதை நம் மீனம்பாக்கமே துயரத்தோடு கற்பித்தது. 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு, கொழும்பு செல்லும் விமானத்திற்கென ஒப்படைக்கப்பட்டு, உரியவர் ஏறாமையால் நின்றுவிட்ட பெட்டிகளில் இருந்த குண்டு நிலையத்திலேயே வெடித்தது. முப்பதின்மர் அளவில் உயிரிழந்தனர். மறு ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்தை அடுத்த கடலின்மேல் வெடித்துச் சிதற, 329 பேர் மாண்டனர். அக்குண்டும் தான் பயணம் செய்யாத ஒருவன் ஒப்படைத்த பெட்டியில் இருந்ததே. உரியவர் ஏறாவிடின் அவர் பெட்டியை இறக்கிவிடும் வழக்கம் இத்தகைய துயரங்களால் வலுப்பெற்றது. பெட்டியை இறக்குவதற்காக விமானம் தாமதிக்கும்பொழுது முணுமுணுப்பார் இதனை நினைவுகூர்க. அறியாதார் பெட்டியை நம் பெயரால் ஒப்படைத்தலும் இக்காரணத்தாலேயே ஒருபோதும் கூடாது.

சில பொருள்களில் நம் விருப்பத்திற்கு இடமில்லை. பவர் பேங்க் எனப்படும் மின்சேமிப்புக் கலமும், தனித்த லித்தியம் மின்கலங்களும் கையிலேயே இருத்தல் வேண்டும், ஒப்படைத்தல் ஆகாது. அவை தீப்பற்றினால் பயணிகள் நடுவே பணியாளர் கண்டு அணைத்தல் கூடும். அடியிலுள்ள சரக்கறையிலோ அதற்கு வழி அரிது. 100 வாட்-மணி வரை தடையில்லை. அதற்குமேல் 160 வரை நிறுவனத்தாரின் இசைவு வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என எழுதியுள்ள கலம் பெரும்பாலும் 74 வாட்-மணி அளவினதே. மறுபுறம், கத்தி, கத்தரிக்கோல் போல்வன கையில் ஆகா, பெட்டியில் அடங்குக. பன்னாட்டுப் பயணத்திற் கையிலுள்ள நீர்மப்பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது. எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் சோதனையில் நிறுத்தப்படும் பொருள்களுள் ஒன்று. எண்ணெய்ச் சத்துடைமையால் தேங்காயும் கைப்பெட்டியில் விலக்கப்பட்டதே. சபரிமலை செல்வார்க்கு மட்டும் 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் யாத்திரைப் பருவங்களில் இவ்விலக்கு தளர்த்தப்பட்டது.

இவற்றையெல்லாம் கருதின், பொருளைப் பிரித்தற்கு ஒரு நெறி புலனாகின்றது. பணத்தாற் பெறக்கூடியவை ஒப்படைத்தற்கு உரியன. பணத்தாற் பெறலாகாதவையும், இறங்கிய அன்றே வேண்டப்படுவனவும் கைக்கொள்ளற்கு உரியன. மூலச் சான்றிதழ், கடவுச்சீட்டு, நாள்தோறும் உண்ணும் மருந்து, மூக்குக்கண்ணாடி, நகை, ஓராண்டு உழைத்து எழுதிய ஆராய்ச்சிக் கையெழுத்து ஆகியன பின்வகை. உடை, போர்வை, அச்சிட்ட நூல், தின்பண்டம் ஆகியன முன்வகை.

இந்நெறியை மூவர்பாற் பொருத்திக் காண்போம். நேர்முகத் தேர்விற்காக இரண்டு நாள் தில்லி செல்லும் மாணவர்க்குக் கைப்பெட்டி ஒன்றே சாலும். சான்றிதழும் தேர்விற்குரிய உடையும் அவருடன் இருக்கும். மேற்படிப்பிற்காக அயல்நாடு செல்வார் பெரும்பெட்டியை ஒப்படைத்தேயாக வேண்டும்; அவர் தம் ஆவணங்களோடு இரண்டு நாளைக்குரிய உடையையும் கையிற் கொள்க. சிங்கப்பூரிலுள்ள மகள் வீட்டிற்குச் செல்லும் முதிய தாயார் பொடியையும் ஊறுகாயையும் நன்கு பொதிந்து ஒப்படைத்துவிட்டு, மருந்தும் சீட்டும் உள்ள சிறு பை ஒன்றோடு ஏறுவாராயின், தலைக்குமேல் எதனையும் தூக்கவேண்டிய வருத்தம் அவர்க்கு இல்லை. அங்ஙனம் ஒப்படைக்குமுன் அந்நாட்டிற் கொண்டுசெல்லத்தகாத உணவு எவை என்பதை அறிந்துகொள்ளல் நன்று.

கைப்பெட்டியை நாம் மட்டும் ஆள்கின்றோம் என்று எண்ணுதலும் பிழை. தலைக்குமேல் உள்ள அறை பலர்க்கும் பொது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதற்பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் விதிக்க, ஏனைப் பெருநிறுவனங்கள் பலவும் அவ்வழியிற் சென்றன. மக்கள் பெட்டிகளைக் கையிற் கொண்டேற, அவ்வறைகள் நிரம்பின. அறை நிரம்பியவழி வாயிலருகேயே பெட்டியை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவர். ஆதலின் கைப்பெட்டியினுள்ளும் ஒரு சிறுபை வைத்து, மருந்தையும் ஆவணத்தையும் பவர் பேங்கையும் அதில் இடுக. பெட்டியைக் கேட்டவுடன் அச்சிறுபையை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம்.

இறுதியாக, இவ்வாராய்ச்சியின் தலையாய செய்தி ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பற்றியது. புகை சூழ்ந்த நிலையிலும் சிலர் மேலறையைத் திறந்து பெட்டிகளை எடுக்க முனைந்ததை உள்ளே எடுக்கப்பெற்ற படக்காட்சி உலகிற்குக் காட்டிற்று. விமானத்திலிருந்த 300 பேரும் உயிர் தப்பினர். ஆயின் சிறிது நேரத்தில் எரிபொருட்கலம் வெடித்து, மீட்கவந்த தீயணைப்பு வீரர் ஒருவர் மாண்டார். 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மற்றொரு விமானத்தோடு மோதி எரிந்தபொழுதோ, அதிலிருந்த 379 பேரும் பெட்டிகளை விடுத்துப் பணியாளர் சொற்படி வெளியேறிப் பிழைத்தனர். பாதி வாயில்களைக் கொண்டே 90 நொடியில் அனைவரும் வெளியேறல் கூடும் என்று மெய்ப்பித்த பின்னரே பெரிய பயணிகள் விமானத்திற்கு இசைவு தரப்படுகின்றது. அக்கணக்கிற் பெட்டிக்கு நொடி ஒதுக்கப்படவில்லை. ஒருவர் பெட்டியை எடுக்க நிற்கும் நேரம் அவர் பின்னே நிற்பாரின் உயிரிலிருந்து கழிக்கப்படுவதாம்.

ஆதலின் அன்பர்காள், ஒப்படைக்கத் தக்கதை ஒப்படைத்துச் சீட்டைப் பேணுக. உடன்கொள்ளத் தக்கதைச் சிறிதாக உடன்கொள்க. விட்டுச்செல்ல நேருங்கால் அதனையும் விடுதற்கு மனம் பழகுக. விடவே முடியாத ஆவணம் ஒன்றிருப்பின் அதன் படியை வீட்டில் வைத்து, மூலத்தை உடலோடு அணைத்துக்கொள்க. கை வெறிதாயிருந்தாலன்றோ அருகிருக்கும் குழந்தையைத் தூக்கவும் முதியோரைத் தாங்கவும் இயலும்!