எருமையும் புல்லும் பயணியும்

கோடை விடுமுறை வந்தால் நம் கால்கள் உதகையை நாடுகின்றன. ஏரி, மலை ரயில், தாவரவியல் பூங்கா ஆகியவற்றைக் கண்டபின், பூங்காவுக்கு மேலுள்ள தோடர் மந்தையும் பார்த்துவிட்டு வருகிறோம். சென்ற ஆண்டு நானும் அவ்வாறே சென்று, அரைவட்டக் கூரை வீட்டை வியந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். மந்தில் எருமைகள் எத்தனை உள்ளன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பின்னர் நூலகத்தில் படித்தபோதுதான், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே அதுதான் என உணர்ந்தேன்.

தோடர் நீலகிரியின் ஆயர்குடியினர். அவர்களுடைய கோயிலே ஒரு பால்மனை. புனித எருமைகளைக் கறந்து, தயிர் கடைந்து, வெண்ணெய் எடுப்பதே பூசாரியின் வழிபாடு. மானிடவியல் அறிஞர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாகக் கூறுகிறது. கோயிலின் கூரையும் மலைப் புல்லால் வேயப்படுவது. ஆகவே புல் இன்றி எருமை இல்லை. எருமை இன்றி வழிபாடும் இல்லை.

முற்காலத்தில் தோடர் பாலும் நெய்யும் தந்தனர். படகர் தானியம் தந்தனர். கோத்தர் மட்கலமும் இரும்புக் கருவியும் தந்தனர். 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபின் நிலை மாறியது. உதகை நகராயிற்று. உருளைக்கிழங்கும் தேயிலையும் பரவின. விறகுக்காகக் கற்பூர மரமும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. மேய்ச்சல் சுருங்கவே, தோடர் பலர் காரட்டும் கிழங்கும் பயிரிடலாயினர்.

உழவு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அதனைக் குறை கூறுதல் தகாது. ஆனால் உழுத புல்வெளி மீண்டும் புல்வெளியாதல் அரிது. சுற்றுலாவிலும் நன்மை உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்கொண்டு தோடப் பெண்கள் செய்யும் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனை நேரே வாங்கும் பயணி மந்துக்கு வருவாய் தருகிறார். வண்டி நெரிசலைக் குறைக்க, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் நடைமுறைக்கு வந்தது.

எனினும் வண்டிகளை எண்ணினால் மட்டும் போதாது. எருமைகளையும் எண்ண வேண்டும் என்பதே என் கருத்து. அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும். எது மேய்ச்சல், எது விளைநிலம், பயணி எதுவரை வரலாம் என்னும் எல்லைகளை வகுப்பதில் தோடருக்கே முதற்குரல் வேண்டும். எருமை இல்லாத மந்து வெறும் காட்சிச்சாலை ஆகிவிடும்.

அடுத்த கோடையில் உதகை செல்லும் நண்பர்களே! மந்தின் வாயிலில் இசைவு கேட்டு நில்லுங்கள். எருமைகளின் நலம் கேளுங்கள். அதன் பிறகு புகைப்படம் எடுக்கலாம்.