கோடையிலும் முட்டை குறையாமல்: தீவகத்து மாணவர்களுக்கான கோழி வளர்ப்புப் பாடம்

க.பொ.த (சாதாரண தரம்) – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்
பாடப்பரப்பு: முட்டையிடும் கோழிகளின் பராமரிப்பு



"வெப்பமான காலத்தில் முட்டை உற்பத்தி குறையாதிருக்க மேற்கொள்ளத்தக்க நடவடிக்கைகள் நான்கு தருக." இவ்வாறான வினாவுக்கு நீங்கள் தயங்காமல் எழுதும் முதல் விடை, "சுத்தமான குளிர்ந்த நீர் வழங்குதல்" என்பதாகும். விடை சரியானதே, புள்ளியும் கிடைக்கும். ஆனால் ஒருநாள் வகுப்பில், தீவுப் பகுதியிலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து, "ரீச்சர், எங்கட கிணத்துத் தண்ணி சவர். அதைக் குளிர வைச்சுக் குடுத்தாச் சரியோ?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் உடனே விடை இருக்கவில்லை. நான் கலைப் பட்டதாரி. இப்பாடத்தை நானும் உங்களைப் போலப் படித்தே கற்பிக்கிறேன். தேடிப் படித்து அடுத்த வகுப்பிற் சொன்ன பதிலே இந்தப் பாடம். பரீட்சைக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும்.

1. கோழியும் வெப்பமும்

கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 முதல் 42 பாகை செல்சியஸ் ஆகும். அதன் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. உடலை இறகுகள் போர்வை போல மூடியுள்ளன. எனவே கொண்டை, தாடி, கால்கள் ஆகிய இறகற்ற பகுதிகளினூடாகவும், வாயைத் திறந்து இளைப்பதன் மூலமுமே அது வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்.

முட்டைக் கோழிக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 பாகை செல்சியஸ் ஆகும். 30 பாகையை அண்மிக்கும்போது கோழி இளைக்கத் தொடங்கும். 35 பாகைக்கு மேல் ஆபத்தான நிலை ஏற்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் கோடையின் பகல் வெப்பநிலை சாதாரணமாக 32 முதல் 35 பாகை வரை செல்வதுண்டு. பங்குனி, சித்திரை மாதங்களிற் காற்றும் அடங்கிவிடும். வைகாசிக்குப் பின் சோளகம் வீசத் தொடங்கும்வரை கோழிகளுக்கு இது கடினமான காலமாகும்.

வெப்பத்தால் வருந்தும் கோழியின் அறிகுறிகள்:
(அ) வாயைத் திறந்து இளைத்தல்
(ஆ) சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்தல்
(இ) தீனியைக் குறைத்து நீரை அதிகம் அருந்துதல்
(ஈ) நிழலில் மண்ணைக் கிளறி அதிற் படுத்திருத்தல்

2. முட்டை ஏன் குறைகிறது? ஓடு ஏன் மெலிகிறது?

பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதுவர். இவற்றின் காரணங்கள் வேறு.

முட்டையின் எண்ணிக்கையும் பருமனும் குறைவதற்கு முக்கிய காரணம், கோழி குறைவாக உண்பதாகும். தீனி குறையும்போது புரதமும் சக்தியும் குறைகின்றன.

ஓடு மெலிவதற்குக் காரணம் இளைப்பாகும். முட்டை ஓட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ 95 சதவீதம், கல்சியம் காபனேற்றாகும். கோழி விரைவாக இளைக்கும்போது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியேறுகிறது. இதனால் குருதி காரத்தன்மை அடைகிறது. ஓட்டை ஆக்கத் தேவையான காபனேற்று கிடைப்பது குறைகிறது. தோல்முட்டையும் எளிதில் உடையும் முட்டையும் இதனால் ஏற்படுகின்றன.

நினைவிற் கொள்க: எண்ணிக்கை குறைவு – தீனிக் குறைவு. ஓடு மெலிவு – இளைப்பு.

3. தீவகத்தின் தனிப் பிரச்சினை: சவர் நீர்

எமது தீவுகள் சுண்ணாம்புக் கல்லாலானவை. மாரியிற் பெய்யும் மழைநீர் கல்லிடுக்குகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர் நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கோடையில் மழை இல்லாதபோதும் நீரை அதிகம் இறைக்கும்போதும் இப்படை மெலிந்து உவர் நீர் மேலெழுகிறது. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் நாக்கே அறியும்.

அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பல்நேவ் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1980களில் இதனை ஆராய்ந்தனர். நிலத்தடி நீரிற் சாதாரணமாகக் காணப்படும் அளவு உப்பே முட்டை ஓட்டைப் பழுதாக்கப் போதுமானது என அவர்கள் கண்டனர். பின்னர் நன்னீர் கொடுத்தபோதும் ஓடு உடனே சீராகவில்லை.

ஆகவே மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: சவர் நீரைக் குளிர வைத்துக் கொடுப்பது உடல் வெப்பத்தைத் தணிக்க உதவலாம், ஓட்டைக் காப்பாற்றாது. மேலும், கோடையிற் கோழி வழமையைப் போல இரு மடங்கு நீர் அருந்துகிறது. நீர் இரு மடங்கானால் உட்செல்லும் உப்பும் இரு மடங்காகும்.

வீட்டிற் குடிநீரையே அளந்து பாவிக்கும்போது கோழிக்கு எப்படிக் கொடுப்பது என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம்.

ஒரு பேட்டுக் கோழிக்குக் கோடையில் நாளொன்றுக்கு வேண்டிய நீர் – ஏறத்தாழ அரை லீற்றர்
6 பேடுகளுக்கு – 3 லீற்றர்
பங்குனி முதல் ஆனி வரை 120 நாட்களுக்கு – 360 லீற்றர்

அதாவது 200 லீற்றர் பரல்கள் இரண்டு போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையிலிருந்து வடியும் நீரை, முதல் மழையைக் கழித்துவிட்டு, பரல்களில் நிரப்பி, நுளம்பு புகாதவாறு இறுக மூடி வைத்தால் குடும்பத்தின் குடிநீரிற் கை வைக்கத் தேவையில்லை. பேடுகள் முட்டையிடத் தொடங்கும் நாளிலிருந்தே நல்ல நீர் கொடுக்க வேண்டும். தோல்முட்டை கண்ட பின் தொடங்குவது காலந் தாழ்த்திய செயலாகும்.

4. மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகள்

(1) நீர்: மண்சட்டியில் நிழலில் வைத்து, நாளுக்கு மூன்று முறை மாற்றுக. நல்ல நீர் குடிப்பதற்கு. சவர் நீர் சாக்கு நனைப்பதற்கு. நனைத்த சாக்கைக் காற்று வரும் பக்கத்திற் கட்டுக. காற்றோட்டமில்லாத கூட்டினுள் நீர் தெளித்தால் ஈரப்பதன் கூடி இளைப்பால் வெப்பம் வெளியேறுவது தடைப்படும்.

(2) கூடு: நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்போது காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களிலேயே படும். நீளப் பக்கங்களைக் கம்பி வலையால் அடைத்துக் காற்றோட்டத்துக்கு விடுக. கிடுகு அல்லது பனையோலைக் கூரை சிறந்தது. தகரக் கூரையாயின் அதன்மேல் பனையோலை பரப்புக. வேம்பு, பூவரசு நிழல் இருந்தால் மேலும் நன்று.

(3) கூளம்: தடிப்பான, ஈரமான கூளம் தானும் வெப்பத்தை வெளிவிடும். கோடையில் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தடிப்பு போதுமானது.

(4) தீனி நேரம்: தீனி சமிபாடடையும்போது உடலில் வெப்பம் உண்டாகிறது. காலை 10 மணிக்கு உண்டால் அவ்வெப்பமும் நண்பகல் வெயிலும் ஒன்றாகச் சேரும். எனவே விடியற்காலையிலும் மாலை 4.30 மணிக்குப் பின்னரும் தீனி இடுக. முட்டைக் கோழிக்கு 14 முதல் 16 மணி நேர ஒளி தேவை. எமது பகுதியில் மிக நீண்ட பகலும் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடமே. அதிகாலை 4 மணிக்கு மின்குமிழை ஏற்றினால் ஒளியும் கூடும், குளிர்ச்சியான நேரத்தில் தீனியும் உண்ணும்.

(5) கல்சியம்: ஓடு பெரும்பாலும் இரவிலேயே உருவாகிறது. எனவே சிப்பித் தூளை மாலையில் தனிப் பாத்திரத்தில் வைக்க வேண்டும். கடற்கரையிற் பொறுக்கிய சிப்பியை நல்ல நீரிற் கழுவி உப்பு நீக்கி, உலர்த்தி, இடித்துக் கொடுக்கவும்.

(6) உப்புத் தீனியைத் தவிர்த்தல்: கருவாட்டுக் கழிவை அப்படியே கொடுக்கக் கூடாது. சவர் நீருடன் அதுவும் சேர்ந்தால் உப்பு மிகும். நூல்களிற் கூறப்படும் மின்பகுபொருட் கரைசலையும் நல்ல நீரிலேயே கரைக்க வேண்டும்.

(7) முட்டை சேகரித்தல்: நாளுக்கு மூன்று முறை எடுத்து, கூர்முனை கீழாக, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். குறிகட்டுவானுக்குப் படகேறும் முட்டைகளை அதிகாலையில் அனுப்புவது நல்லது.

முதலுதவி: கோழி தள்ளாடி விழுந்தால் நிழலுக்கு எடுத்துச் சென்று, கால்களையும் கொண்டையையும் நனைத்து, சிறிது சிறிதாக நீர் பருகச் செய்க.

5. எல்லாவற்றுக்கும் வெயில் காரணமல்ல

அடை கிடத்தல், இறகு உதிர்த்தல், முதுமை, பேன், குடற்புழு, நோய் ஆகியவற்றாலும் முட்டை குறையும். இளைப்பு மாலையிலும் தணியாவிட்டால், அல்லது பல கோழிகள் ஒரே நேரத்திற் சோர்ந்தால், பிரதேச கால்நடை வைத்தியரிடம் அறிவிக்க வேண்டும்.

6. மாதிரி வினா

நெடுந்தீவிலுள்ள குடும்பம் ஒன்று 6 பேட்டுக் கோழிகளை வளர்க்கிறது. சித்திரை மாதத்தில் முட்டைகள் குறைந்ததுடன் தோல்முட்டைகளும் காணப்பட்டன. சிப்பித் தூள் போதியளவு வழங்கப்படுகிறது.
(i) முட்டை எண்ணிக்கை குறைந்தமைக்குக் காரணம் ஒன்று தருக.
(ii) சிப்பித் தூள் வழங்கியும் தோல்முட்டை இடப்படுவதற்கான காரணங்கள் இரண்டை விளக்குக.
(iii) இக்குடும்பம் மாரி காலத்திலேயே மேற்கொண்டிருக்கக்கூடிய நடவடிக்கை ஒன்றைக் கணிப்புடன் விளக்குக.

விடைக் குறிப்பு: (i) தீனி உள்ளெடுத்தல் குறைதல். (ii) இளைப்பினால் காபனீரொட்சைட்டு இழக்கப்படுதல்; குடிநீரின் உப்புத்தன்மை. (iii) மழைநீர்ச் சேமிப்பு – பகுதி 3 இலுள்ள கணிப்பைப் பார்க்க.

மாணவர்களே! விடை எழுதும்போது "குளிர்ந்த நீர்" என்பதோடு நிறுத்தாமல், "உப்புத்தன்மையற்ற, குளிர்ந்த, சுத்தமான நீர்" என எழுதுங்கள். இன்று வீட்டுக்குச் சென்றதும் கோழிக்கு வைத்திருக்கும் நீரில் ஒரு துளியை விரலில் தொட்டு நாவில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குக் கரித்தால் கோழிக்கும் அது ஆகாது.

பரீட்சையில் சித்தி பெற வாழ்த்துகள்.