கல் ஈ கட்டும் கலை: நூல், இறகு, கொஞ்சம் மெக்கானிக்ஸ்



மீன் பிடிக்க ஒரு தூண்டிலும் நாலு மண்புழுவும் போதும் என்பதுதான் நம்ம ஏரிக்கரைக் கணக்கு. ஆனால் புழுவே இல்லாமல், நூலையும் இறகையும் முள்ளில் கட்டி, அதைப் பூச்சி என்று மீனை நம்ப வைக்கும் ஒரு கலை உண்டு. இது இன்று நேற்று வந்ததல்ல. 1496-ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்றில் 12 செயற்கை ஈக்களுக்குச் செய்முறை இருக்கிறது. அவற்றில் ஒன்று கல் ஈ.

"ஆவடியில் இருப்பவனுக்கு இது எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. காரணம் இருக்கிறது. நம் அப்ளைட் மெக்கானிக்ஸ் பாடமும் ஒர்க்‌ஷாப் பாடமும் இந்த ஒரு அங்குலப் பூச்சிக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

கல் ஈ என்றால் என்ன?

குளிர்ந்த, சுத்தமான, ஓடுகிற நீரில் கற்களுக்கு அடியில் வாழும் பூச்சி இது. இதன் இளம்பூச்சிக்கு இரண்டு வால், ஆறு கால், முதுகில் இறக்கை முளைக்கும் தடிப்பு ஆகியவை உண்டு. வளர்ந்ததும் கல்மேல் ஏறித் தோலை உரித்துப் பறந்துவிடும். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போகும் பூச்சிகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் ஓடையின் சுத்தத்தை அளக்க விஞ்ஞானிகள் இதைத் தேடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நியோபெர்லா என்ற இனக்குழு இருக்கிறது. நம்ம கூவத்தில் தேடினால் கிடைக்காது!

டிரவுட் மீனுக்கு இது பிடித்த தீனி. நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர டாக்டர் பிரான்சிஸ் டே 1860-களிலேயே முயன்றார். பிறகு எச். சி. வில்சன் முயற்சியால் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அங்கே வளர்ந்தது வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட். குந்தா நீர்மின் திட்டத்தைப் பார்க்கச் சென்றவர்கள் அவலாஞ்சி, எமரால்டு அணைகளைக் கண்டிருப்பீர்கள். அந்த மலைத் தண்ணீர்தான் அதன் வீடு. அங்கே தூண்டில் போட அரசு அனுமதி வேண்டும்; வனப்பகுதிக்குள் சும்மா நுழையக் கூடாது. ஆனால் ஈ கட்டிப் பழக யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தேவையான பொருட்கள்

1. நீளத் தண்டு உள்ள தூண்டில் முள். தண்டு சுமார் 20 மி.மீ.
2. பழுப்பு நிறத் தையல் நூல். நூல்கண்டில் ஒரு துணி கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டால் அந்த எடையே நூலை இழுத்துப் பிடிக்கும்.
3. ரீவைண்டிங் கடையில் கழித்துப் போட்ட செம்புக் கம்பி: எடைக்கு 0.5 மி.மீ., வரிக்கு 34 கேஜ்.
4. பழுப்பு அல்லது மஞ்சள் ஸ்வெட்டர் நூல்.
5. நாட்டுச் சேவலின் கழுத்து இறகு ஒன்று, இறக்கை இறகு ஒன்று. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கவும்.
6. சின்னக் கத்தரி, நெயில் பாலிஷ்.
7. முள்ளைப் பிடிக்க ஃபிட்டிங் ஷாப்பில் இருக்கும் ஹேண்ட் வைஸ். அதை மேஜை வைஸில் கடித்து நிறுத்தினால் இரண்டு கையும் ஃப்ரீ.

முடிச்சு இல்லாமல் எப்படி நிற்கிறது?

ஒவ்வொரு பொருளையும் முடிச்சுப் போட்டுக் கட்டுவதில்லை. சுற்று மேல் சுற்றுதான் பிடிக்கிறது. பெல்ட் ஃப்ரிக்‌ஷன் சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? 2.3 லாக் (டி1/டி2) = மியூ × தீட்டா. மியூவை 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றுக்கு தீட்டா 6.28 ரேடியன். கணக்குப் போட்டால் ஒரு சுற்றில் பிடிப்பு சுமார் 6.6 மடங்கு. மூன்று சுற்றில் ஏறக்குறைய 286 மடங்கு! ஆகவே தளர்ந்த பத்துச் சுற்றைவிட இறுக்கமான மூன்று சுற்று மேல். நூல் அறுகிற எல்லைக்குக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த எல்லை விரலுக்குத்தான் தெரியும்.

செய்முறை

1. தலைப்பக்க வளையத்தின் அருகே நூலைத் தொடங்கி, நுனியின் மேலேயே சுற்றி, வளைவு வரை கொண்டு போங்கள்.
2. தண்டின் முன்பாதியில் 0.5 மி.மீ. கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி நூலால் அமுக்குங்கள். பூச்சி மூழ்க இதுதான் எடை.
3. வளைவின் அருகே கழுத்து இறகின் இழைகளில் சிலவற்றை இரண்டு பங்காக்கி, பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டுங்கள். வால் நீளம் 5 மி.மீ.
4. அதே இடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டுங்கள். அதன்மேல் ஸ்வெட்டர் நூலின் ஓர் இழையைக் கட்டுங்கள். தையல் நூலைத் தண்டின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள்.
5. ஸ்வெட்டர் நூலை 10 மி.மீ. வரை சுற்றிக் கட்டி நிறுத்துங்கள். வெட்ட வேண்டாம். கம்பியை எதிர்த் திசையில் ஐந்து வரியாகச் சுற்றிக் கட்டி மீதியை வெட்டுங்கள்.
6. நடுவில், இறக்கை இறகிலிருந்து எடுத்த 4 மி.மீ. அகலத் துண்டை வால் பக்கம் நீட்டிக் கட்டுங்கள். பளபளப்பான பக்கம் கீழே இருக்கட்டும். மடித்தால் அது மேலே வரும். அங்கேயே கழுத்து இறகின் நுனியையும் கட்டுங்கள்.
7. ஸ்வெட்டர் நூலை முன்பக்கம் தடிப்பாகச் சுற்றி நெஞ்சு செய்து கட்டுங்கள். அதன்மேல் கழுத்து இறகை மூன்று சுற்று. இவைதான் கால்கள். வளையத்துக்குப் பின்னால் 2 மி.மீ. காலியாக இருக்க வேண்டும்.
8. மேலே நிற்கும் இழைகளை இருபுறமும் ஒதுக்கி, இறகுத் துண்டை முன்னால் மடித்துக் கட்டி வெட்டுங்கள்.
9. மூன்று அரை முடிச்சு, ஒரு சொட்டு நெயில் பாலிஷ். வளையம் அடைபடாமல் குண்டூசியால் குத்தி விடுங்கள். அவ்வளவுதான்!

ஒரு கிளாஸ் தண்ணீரில் நனைத்துப் போட்டுப் பாருங்கள். தலை சற்றுத் தாழ்ந்து மூழ்கினால் வேலை சரி.

வரிசைதான் பாடம்

முதுகின் இறகுத் துண்டு கடைசியில் மூடுவது. ஆனால் அதை நெஞ்சு செய்வதற்கு முன்பே கட்ட வேண்டும். வரிக்கம்பி உடலுக்கு மேலே தெரிவது. ஆனால் உடலுக்கு முன்பே உள்ளே போக வேண்டும். அதாவது, மேலே வரவேண்டியதை முன்கூட்டியே உள்ளே வைக்க வேண்டும். செம்புக் குழாயின் முனையை ஃப்ளேர் செய்யும் முன்பே நட்டை நுழைக்கிறோமே, அதே கதை. ப்ராஸஸ் ஷீட் என்பது முடிவிலிருந்து பின்னோக்கி யோசிப்பதுதான்.

எங்கம்மா அம்பத்தூரில் பூ கட்டுபவர். நான் கட்டிய முதல் ஈயைப் பார்த்துவிட்டு, "நூலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே அடுத்த சுத்து போடு, இல்லன்னா முதல் சுத்து உருவிக்கும்" என்றார். 286 மடங்குக் கணக்கை அவர் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. நாள் முழுக்கப் பூவுக்கு ஒரு கண்ணியாக அதையே செய்கிறார். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது, "தாயின் தொழில்" என்ற இடத்தில் "இல்லை" என்று போடச் சொன்னார்கள். நான் "பூ கட்டுதல்" என்றே எழுதினேன்.

நண்பர்களே! குடும்பத்தில் முதலாவதாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர். "படிச்ச புள்ள கையில அழுக்குப் படக்கூடாது" என்று வீட்டில் சொல்வது அன்பினால். ஆனால் லேத் பிடித்த அப்பாவின் கையும், பூ கட்டும் அம்மாவின் கையும் அறிந்ததைக் கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தால் பாதிப் படிப்பு வெளியிலேயே நின்றுவிடும். சூத்திரம் அந்தக் கைகளுக்கு விளக்கம் தருகிறது; அந்தக் கைகள் சூத்திரத்துக்கு உயிர் தருகின்றன.

இந்த விடுமுறையில் ஒரு கல் ஈ கட்டிப் பாருங்கள். கட்டியதை வீட்டில் காட்டுங்கள். மீனைவிடக் கடுமையான பரிசோதகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்!

— இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ மெக்கானிக்கல்