சிறு டிராக்டரின் விசிறி பழுதுற்றால்

சிறு டிராக்டர் தோப்புகளிலும் குறுகிய வயல்களிலும் உழவருக்கு உற்ற துணையாக விளங்குகிறது. அதன் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி உடைந்தால், முறிந்த இறக்கையைப் பற்றவைத்தோ, வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்தியோ மீண்டும் ஓட்டும் வழக்கம் உண்டு. விசிறியின் விலை சிறிது. அதனால் கெடக்கூடியவற்றின் விலை பெரிது. ஆதலின் இப்பழுதைப் பற்றி உழவர் சற்று விரிவாக அறிந்திருத்தல் நலம்.

எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் சூடேறி ரேடியேட்டருக்கு வருகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களினூடே விசிறி காற்றைச் செலுத்துவதால் நீர் ஆறித் திரும்புகிறது. சாலையில் விரையும் லாரிக்கு ஓட்டத்தாலேயே காற்றுக் கிடைக்கும். சேற்றுழவில் மெல்ல நகரும் டிராக்டருக்கோ விசிறியை விட்டால் வேறு காற்றில்லை.

நிமிடத்திற்கு 2,500 சுற்றுச் சுழலும் விசிறியில், மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தொலைவில் 50 கிராம் எடையுள்ள துண்டு போய்விட்டதெனக் கொள்வோம். அவ்வேற்றத்தாழ்வு ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் அச்சைப் பக்கவாட்டில் இழுக்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திசைகளிலும். பெரும்பாலான வண்டிகளில் விசிறி வாட்டர் பம்பின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், அடி முழுவதும் பம்பின் பேரிங்கின்மேல் விழுகிறது. பேரிங் தேய்ந்தால் அச்சு ஆடும். ஆடும் விசிறி ரேடியேட்டரை உரசிக் கிழிக்கும். நீர் வடிந்தபின் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்து, கேஸ்கட் எரிந்து, நடவு நாளில் வண்டி கொட்டகையில் நிற்கும்.

சிலர் எதிர்ப்புறத்து இறக்கையையும் அதே அளவு வெட்டிச் சமன் செய்வர். ஆட்டம் ஒருவாறு குறையலாம், காற்றும் குறையும். மேலும் ஓர் இறக்கையை முறித்த அதிர்ச்சி, மற்றவற்றிலும் கண்ணுக்குப் புலனாகாத கீறலை உண்டாக்கியிருக்கக்கூடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீடுவரை ஓட்டலாமென்பதும் பொருந்தாது. அதே பெல்ட்டுத்தான் பம்பையும் சுழற்றுகிறது. வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதே தக்கது.

வேலையைத் தொடங்குமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுக. சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுடும். பின்பு பெல்ட்டைத் தளர்த்தி, விசிறியைக் கையால் பற்றி அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தென்பட்டாலும், பம்பின் அடியிலுள்ள சிறு துளைவழி நீர் கசிந்தாலும் பம்பையே முதலில் சீர்செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டும் புது விசிறியும் பழையதன் வழியே போகும்.

விசிறி எதனால் உடைந்தது என்பதையும் காண வேண்டும். ரேடியேட்டரையும் விசிறியைச் சூழ்ந்த உறையையும் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்தால் இறக்கை அவற்றில் மோதும். எலி இழுத்துவந்து சேர்த்த குச்சியும் இறக்கையை முறிக்கக்கூடும். நெடுநாள் நின்ற வண்டியை எடுக்குமுன் முன்மூடியைத் திறந்து பார்ப்பது வீண் வேலையன்று.

புது விசிறி பழையதன் விட்டமும், இறக்கைகளின் எண்ணிக்கையும், சாய்வும் உடையதாக இருத்தல் வேண்டும். கழற்றுமுன் எந்தப் பக்கம் ரேடியேட்டரை நோக்கியிருந்தது எனச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்க. முன்பின் மாற்றி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் செல்லும். ஆனால் வெகுவாகக் குறைந்துவிடும். உடையவரோ ரேடியேட்டரைக் குறை கூறிக்கொண்டிருப்பார்!

போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை தாழலாம். வண்டியின் கையேட்டில் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே கொள்ளத்தக்கது. மிகையாக இறுக்கினால் பேரிங் கெடும்.

ரேடியேட்டரில் அடைந்த பதரையும் தூசியையும் விசிறிப் பக்கத்திலிருந்து மெல்லிய நீரோட்டத்தால் வெளித்தள்ளுக. பின்னர் விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, எங்கும் உரசவில்லையெனத் தெளிந்தபின் பேட்டரிக் கம்பியை மாட்டி எஞ்சினை ஓட்டுக. காற்றை உள்ளிழுக்கும் விசிறியாயின், முன்வலையின்மேல் வைத்த தாள் விழாமல் ஒட்டி நிற்கும். ஒரு மணி நேரம் உழுதபின் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, போல்ட்டுகளையும் பெல்ட்டையும் மறுமுறை பார்த்துக்கொள்க.