காகிதம் பறித்ததும் படம் காத்ததும்

என் பேரனைப் பள்ளியில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்தை எழுதிக் கொடுத்தோம். எழுத்தர் ஒப்பவில்லை. கடைசியில் அவன் தகப்பன் பெயரே வாலாக ஒட்டிக்கொண்டது. ஊரை விட்டு வந்து வடக்கே வாழும் குடும்பங்களுக்கு இது பழகிய கதைதான். சிறு தொல்லை, அவ்வளவே. ஆனால் பெயரில் செய்த சிறு மாற்றத்தால் வாழ்க்கையே திசைமாறிய ஒருவரைப் பற்றி நம் ஞாயிறு வகுப்பில் சொன்னேன். பெற்றோர்களும் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதுகிறேன்.

அவர் எர்னஸ்ட் கோல், தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர். 1940-ஆம் ஆண்டு பிரிட்டோரியா நகரை ஒட்டிய ஈர்ஸ்டெரஸ்ட் என்னும் குடியிருப்பில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அவர் வளர்ந்தது நிறவெறி ஆட்சி வேரூன்றிய காலத்தில். கறுப்பினப் பிள்ளைகளை வேலையாட்களாக மட்டுமே பழக்கும் கல்விச் சட்டம் 1953-இல் வந்தது. அந்தப் படிப்பு வேண்டாமென்று பள்ளியை விட்டு, அஞ்சல்வழியில் படித்தார். 1958-இல் 'டிரம்' பத்திரிகையில் உதவியாளராகச் சேர்ந்தார். பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸான் மாஸ்கோ மக்களைப் படமெடுத்து வெளியிட்ட நூல் கைக்குக் கிடைத்தது. தம் மக்களின் வாழ்வையும் அப்படியொரு நூலாக்க வேண்டுமென்று உறுதி கொண்டார்.

ஆனால் எப்படி நடமாடுவது? பதினாறு வயதைக் கடந்த ஒவ்வொரு கறுப்பினத்தவரும் 'பாஸ்' என்னும் அனுமதிப் புத்தகத்தை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சிறை. அந்நாட்டில் நம்மவருக்கும் இதற்கு முன்னோடியான ஓர் அனுபவம் உண்டு. இந்தியர்கள் மீது திணிக்கப்பட்ட பதிவுச் சான்றிதழ்களை 1908-இல் ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியடிகள் தலைமையில் திரண்டு எரித்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றது அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1913-இல் எழுந்த அறப்போரில்தான்.

கோல் காகிதத்தைக் கொண்டே காகிதத்தை வென்றார். 'கோலே' என்றிருந்த குடும்பப் பெயரை ஆங்கிலேயர் பெயர்போல் 'கோல்' என்று மாற்றி, தம்மைக் கலப்பினத்தவர் என்று அதிகாரிகளிடம் பதிவு செய்துகொண்டார். கலப்பினத்தவருக்குப் பாஸ் தேவையில்லை. வீட்டார் ஓர் இனம், மகன் வேறோர் இனம் என்றாயிற்று, காகிதத்தில்!

அதன்பின் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் மருத்துவச் சோதனைக்காக ஆடையின்றிக் கைகளை உயர்த்திச் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கிறார்கள். பாஸ் இல்லாதவர்கள் கைவிலங்குடன் நிற்கிறார்கள். மேசையில்லா வகுப்பறையில் ஒரு சிறுவன் வியர்வை வழியப் பாடம் கவனிக்கிறான். தடைசெய்யப்பட்ட இடங்களில் கேமராவைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து வைத்துப் படமெடுத்தார். இத்தனை ஆபத்திலும் படத்தில் உள்ளவர்களை அவர் இரக்கத்துக்குரிய பொருளாகக் காட்டவில்லை, மனிதர்களாகவே காட்டினார்.

ஒருமுறை போலீஸ் பிடித்தபோது, உளவு சொல், இல்லையேல் சிறை என்றார்கள். இரண்டும் வேண்டாமென்று 1966-இல் நாட்டை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு நியூயார்க்கில் அவருடைய 'ஹவுஸ் ஆஃப் பாண்டேஜ்', அதாவது 'அடிமை வீடு', வெளிவந்தது. தென்னாப்பிரிக்க அரசு அதைத் தடை செய்தது. அவரும் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாமல், நாடற்றவராக நின்றார். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாழ்வையும் படமெடுத்தார். ஆனால் பிற்காலத்தில் கேமராவும் கைவிட்டுப் போயிற்று. தங்க வீடின்றி அலைந்த நாட்களும் உண்டு. 1990 பிப்ரவரி 11-ஆம் நாள் நெல்சன் மண்டேலா விடுதலையானார். எட்டே நாளில், 19-ஆம் நாள், நியூயார்க்கில் புற்றுநோயால் கோல் காலமானார். ஊர் திரும்பும் வழி திறந்த வாரத்தில் அவருடைய மூச்சு நின்றது.

கதை அத்துடன் முடியவில்லை. 2017-இல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து சுமார் 60,000 நெகடிவ்கள் அவர் குடும்பத்தாரிடம் வந்து சேர்ந்தன. 2022-இல் அவர் நூல் மறுபதிப்புக் கண்டது.

வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "தாத்தா, அவர் பொய் சொல்லித்தானே பெயரை மாத்தினார்? அது தப்பில்லையா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. அநியாயமான சட்டம் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது. அதற்கான விலையையும் அவரே கொடுத்தார் என்றேன். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. வாசகர்களே, நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? இந்த வாரம் உணவு வேளையில் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று. வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களின் பின்புறம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று இன்றே எழுதி வையுங்கள். விண்ணப்பக் கட்டத்துக்குள் அடங்காத நம் பெயர்கள் அங்காவது முழுதாக இருக்கட்டும்.